சொன்னதை மட்டும் செய்தவள்

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "எம் பேர எழுதச் சொல்லி நான் சொன்னேனாட்டீ?" என்று கேட்பாள். கேட்கும்போது அவள் முகத்தில் கோபமும் இருக்காது, சிரிப்பும் இருக்காது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் நாற்காலிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆள் எப்படிப்பட்டவள் என்பது பாதி விளங்கிவிடும்.

எண்பதுகளின் நடுவில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வந்தது. மொத்தம் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்கு ஒரு தனி அறை, அந்த அறைக்கு ஒரு ஏ.சி. மெஷின் ஓடாத நேரத்தில் அதற்கு ஒரு பச்சைத்துணிப் போர்வை. கரிசல் தூசி உள்ளே போனால் மெஷின் செத்துவிடும் என்று சார் சொல்லியிருந்ததால் செருப்பைக் கழற்றி, காலையும் உதறிவிட்டுத்தான் உள்ளே போவோம். கோயிலுக்குக்கூட அவ்வளவு பயபக்தியாகப் போனதில்லை.

மத்தியான வகுப்பில் நாங்கள் மூன்றே பேர். கயத்தாறிலிருந்து பஸ்ஸில் வந்துபோன நான். வாத்தியார் மகள். பி.எஸ்ஸி. கணக்கு முடித்த திமிர் நிறைய உண்டு. அடுத்தது அந்தோணி அண்ணாச்சி. மின்சார சாமான் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க வந்தவர், எங்களைவிட ஐந்தாறு வயது பெரியவர். மூன்றாவது அவள். நாகலாபுரத்துப் பக்கம் ஊர். கோவில்பட்டியில் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தாள்.

வகுப்பறையில் நாலு நாற்காலிகள். எங்களுக்கு மூன்று, சாருக்கு ஒன்று. ஒருநாள் சாரின் நாற்காலி கால் உடைந்து மூலைக்குப் போய்விட்டது. அன்றைக்கென்று அந்தோணி அண்ணாச்சி, "தங்கச்சி, கடைக்குப் போயி ஒரு சாமானக் குடுத்துட்டு ஓடி வந்துருதேன். நான் வர்ற வரைக்கும் என் சேர்ல யாரையும் உக்கார விடாத" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். போன மனிதரை முதலாளி அப்படியே சாத்தூருக்கு அனுப்பிவிட்டார். சார் வந்தார். காலியாக இருந்த நாற்காலியை இழுத்தார்.

"அது அந்தோணி அண்ணாச்சி சேரு சார்" என்றாள்.

"அவர் எங்க?"

"வருவாவ சார்."

சொல்லிவிட்டுத் தன் நாற்காலியைச் சாருக்குக் கொடுத்தாள். இரண்டு மணி நேரமும் அந்தக் காலி நாற்காலியின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றபடியே பாடம் கேட்டாள். மறுநாள் விஷயம் தெரிந்து அண்ணாச்சி பதறிப்போனார். "ஏம்மா, நீயாவது அதுல உக்காந்திருக்கலாம்லா?"

"யாரையும் உக்கார விடாதன்னுல்லா சொன்னிய. அதுல நானும் உண்டே."

சார் சிரித்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தார். அன்றைய பாடம் அதுதான். 'இது நடக்கும் வரை இதைச் செய்துகொண்டே இரு' என்று மெஷினுக்குச் சொல்லும்போது, அது நடக்காமலே போனால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மெஷின் நின்றுகொண்டே இருக்கும். "நம்ம பாப்பா நின்ன மாதிரி" என்றார். அவள் தலையைக் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அவள் பெரியம்மா வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். தீப்பெட்டி ஒட்டுகிற வீடு. போனதும் பெரியம்மா என்னிடம் முறையிட ஆரம்பித்துவிட்டார். "இவகிட்ட ஒரு வேல சொல்லணும்னா வக்கீல வச்சுத்தாம்மா சொல்லணும்!" முந்தின வாரம் ஒட்டிய பெட்டிகளை மாடியில் காயவைத்துவிட்டு, "மழை வந்தா அள்ளி உள்ள போட்டுரு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். வானம் திரண்டு கறுத்திருக்கிறது. காற்று. தெருவே மாடிமாடியாக ஏறிப் பெட்டிகளை அள்ளியிருக்கிறது. இவள் மட்டும் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்திருக்கிறாள். எங்கள் பக்கத்து மேகத்தைப் பற்றித்தான் தெரியுமே. கால் மணி நேரம் பாவலா காட்டிவிட்டுப் போய்விட்டது. தெருவெல்லாம் அள்ளிய பெட்டிகளை மறுபடி பரப்பியபோது இவள் பெட்டிகள் காய்ந்து முடிந்திருந்தன.

"பெஞ்சிருந்தா?" என்றார் பெரியம்மா, என் முன்னாலும் விடாமல்.

"பெஞ்சிருந்தா அள்ளியிருப்பேன் பெரியம்மா."

இந்தக் குணத்தை நாங்கள் முதலில் கேலிதான் செய்தோம். பிறகு அதை வைத்துத்தான் பிழைத்தோம்.

சார் மதுரையிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார். போகும்போது கரும்பலகையில் ஒரு புதிர் எழுதிப் போட்டுவிட்டுப் போவார். கலைந்து கிடக்கும் ஐந்து எண்களை வரிசைப்படுத்து. திருப்பிப் போட்டாலும் மாறாத எண்களைக் கண்டுபிடி. அடுத்த முறை வருவதற்குள் அதற்குப் புரோகிராம் எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதியது சரியா என்று ஓட்டிப் பார்க்க ஆளுக்கு வாரம் அரை மணி நேரம்தான் மெஷின். அதுவும் கரண்ட் இருந்தால்.

கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம் அவள் ஒரு துணிப்பையை மேஜையில் கவிழ்த்தாள். கோணலாக ஒட்டிப்போனதால் கழித்துப் போட்ட தீப்பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் ஏ, பி, சி என்று நீல மையில் எழுதியிருந்தது. புரோகிராமில் ஏ என்றால் ஒரு எண்ணைப் போட்டு வைக்கிற இடம். அந்த இடத்துக்குப் பதில் தீப்பெட்டி. காலண்டர் தாளைக் கிழித்து, எண்ணை எழுதி, உள்ளே வைக்க வேண்டியது.

"நீ எழுதுனத ஒவ்வொரு வரியாப் படி. நாந்தான் மெஷினு" என்றாள்.

முதல் ஆளாக நான் போனேன். வரிசைப்படுத்தும் கணக்கு. ஏ-யில் ஒன்பது, பி-யில் நாலு. "ஏ பெருசா இருந்தா ரெண்டையும் மாத்திரு" என்று படித்தேன்.

"எப்படி மாத்த?"

"என்னட்டீ எப்படி மாத்த? இதுல உள்ளத அதுல போடு, அதுல உள்ளத இதுல போடு." பொறுமை இல்லாமல் நானே இரண்டு கைகளாலும் இரண்டு சீட்டுகளையும் எடுத்து மாற்றி வைத்தேன்.

"ஒனக்கு ரெண்டு கை இருக்கு. மெஷினுக்கு ஒரு கைதான்" என்று சீட்டுகளைப் பழையபடி வைத்தாள். "மொதல்ல எதச் செய்ய? ஒண்ணு சொல்லு."

"பி-ல உள்ளத ஏ-ல போடு."

நாலை எழுதி ஏ பெட்டிக்குள் வைத்தாள். உள்ளே இருந்த ஒன்பதைக் கசக்கித் தகர டப்பாவில் போட்டாள். ஒரு பெட்டிக்கு ஒரு சீட்டு. புதியது வந்தால் பழையது போய்விடும். அதுதான் சட்டம்.

"இப்ப ஏ-ல உள்ளத பி-ல போடு."

இரண்டு பெட்டியிலும் நாலு. ஒன்பதைக் காணோம்.

"ஒம்பது எங்கட்டீ?" என்று கத்தினேன்.

"நீ சொன்னதத்தான் செஞ்சேன்."

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். கணக்குப் பட்டதாரிக்கு முகம் சுண்டிப்போனது. அவள் சிரிக்கவில்லை. துணிப்பையிலிருந்து எழுத்து எதுவும் எழுதாத மூன்றாவது பெட்டி ஒன்றை எடுத்து இரண்டுக்கும் நடுவில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். ஒன்பதை முதலில் அதில் போட்டுவைக்க வேண்டும் என்று எனக்கு உறைக்க இரண்டு நிமிடம் ஆனது. அந்த இரண்டு நிமிடமும் அவள் வாயைத் திறக்கவில்லை. சொல்லித்தந்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதிலிருந்து கரண்ட் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். அண்ணாச்சி புரோகிராம் எப்போதும் சுற்றி வளைத்துப் போகும், ஆனால் போய்ச் சேர்ந்துவிடும். என்னுடையது குறுக்கு வழியில் பாய்ந்து எங்காவது பள்ளத்தில் விழும். "ஏட்டி, இந்த வரிக்குப் பெறவு நான் எங்க போவ?" என்று மெஷின் கேட்கும். அவளுடைய புரோகிராமை நான் படிக்க, அவளே மெஷினாக இருந்து ஓட்டுவாள். தன் தப்புக்கும் அவள் இரக்கம் காட்டியதில்லை. ஒரு ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பெட்டியாக உருவி, மேஜையில் கவிழ்த்து ஒரு தட்டு. டொக். அடுத்தது, டொக். பெட்டி ஒட்டுகிற வீட்டுக் கைப்பழக்கம் அது. காய்ந்த பசைத் துணுக்கு உள்ளே தங்கிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றையும் பலகையில் தட்டித்தான் அடுக்குவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் அடுத்த ஆட்டத்துக்குத் தயார் என்று நாங்கள் புதுச்சீட்டு எழுத ஆரம்பிப்போம்.

சார் போட்ட புதிர்களில் எங்களால் முடியாமல் போனது ஒன்றே ஒன்று. சதுரங்கக் கட்டத்தில் எட்டு ராணிகளை வைக்க வேண்டும். நேர்வரிசையிலோ குறுக்குவரிசையிலோ மூலைவாக்கிலோ ஒன்றுக்கொன்று வெட்டிக்கொள்ளக் கூடாது. அப்படி வைக்கிற வழிகளை மெஷினே தேடிக் கண்டுபிடிக்கும்படி புரோகிராம் எழுத வேண்டும். ராணிக்கு ஒன்றாக எட்டுப் பெட்டி வைத்து எத்தனையோ மத்தியானம் மல்லுக்கட்டினோம். ஆறாவது ராணியோடு வழி அடைத்துக்கொள்ளும். நான் சலித்துப்போய், "இதெல்லாம் நமக்கு ஆகாதுட்டீ, விடு" என்றேன். அவள் அந்தக் கணக்கைக் கரும்பலகையிலிருந்து அழிக்கவே விடவில்லை. வேறு கணக்கு எழுதச் சார் வந்தால் அந்த மூலையை விட்டுவிட்டு எழுதுவார்.

அவள் அப்பா அவளைப் படிக்கவைத்ததே ஒரு வாய்தாவில்தான். மிளகாயும் பருத்தியும் போடுகிற மானாவாரி சம்சாரி. சென்டருக்கு ஒருமுறை வந்து, செருப்பை வாசலில் விட்டு, மெஷினைத் தூரத்தில் இருந்தே கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டுச் சாரிடம் சொன்னார்: "கோர்ஸ் முடியுத வரைக்கும் இருக்கட்டும் சார். முடிஞ்ச ஒடனே வேல கெடச்சா, அதப் பாக்கட்டும். இல்லேன்னா கூட்டிட்டுப் போயிருவேன். எங்க அக்கா மவன் காத்துக்கிட்டு இருக்கான்." நல்ல மனிதர். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

அன்று கீழே இறங்கும்போது நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஒனக்கு மாப்பிள்ள வேணுமா, வேலை வேணுமா?"

"அத்தான் நல்லவியதான்." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா எனக்கு அந்த மெஷின் வேணும்ட்டீ. அத்தானோட ஒக்காந்து கணக்குப் போட முடியாதுல்லா."

"அத ஒங்கப்பாகிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"அப்பா கேக்கலையே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எல்லாத்துக்கும் இதே பதிலா? சொன்னாச் செய்வ, கேட்டாச் சொல்லுவ. நீ என்ன மெஷினாட்டீ?"

படிக்கட்டில் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்து அவள் கொஞ்சம் நிறையப் பேசியது அன்று ஒருநாள்தான். "நம்ம வீட்ல எல்லாரும் ஒண்ணச் சொல்லிட்டு வேற ஒண்ண நெனைக்காவ. நாமளும் அவிய நெனச்சது என்னன்னு ஊகிச்சு, ஊகிச்சு, அதச் செஞ்சுக்கிட்டே இருக்கோம். கடைசில தப்பாப் போனா நம்ம தப்பும்பாவ. சொன்னத மட்டும் செஞ்சுபாரு. சொன்னவிய சொன்னது சரியா தப்பான்னு அவியளுக்கே தெரிஞ்சுபோவும்."

கேலி செய்து செய்து இத்தனை நாள் நான் பார்த்தது அவளுடைய பாதியைத்தான் என்று அப்போதுதான் தோன்றியது.

கோர்ஸ் முடிகிற சமயத்தில் பக்கத்தில் இருந்த ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதற்கு ஒரே ஒரு ஆள் வேண்டும். எங்கள் மூன்று பேருக்கும் சென்டரிலேயே பரீட்சை. அண்ணாச்சிக்குக் கடை இருந்தது. எனக்கு வேலை கிடைக்காவிட்டால் அப்பாவோடு கொஞ்சம் முகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டில் இருப்பேன், அவ்வளவுதான். அவளுக்கு மட்டும் அன்று சாயங்காலத்துக்குள் இதுவா அதுவா என்று தெரிந்துவிடும். அவள் அப்பா கீழே மருந்துக்கடைப் படியில் வந்து உட்கார்ந்திருந்தார். இது தெரிந்தும் நான் என் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டுதான் போனேன். எனக்கும் அந்த மெஷின் வேண்டும்.

மில் மேனேஜர் கணக்கைச் சொன்னார். ஒவ்வொரு நாளும் வருகிற பஞ்சுப்பொதிகளின் எடையை உள்ளே கொடுப்பார்கள். அந்த நாளின் மொத்த எடை எவ்வளவு, அதிக எடையுள்ள பொதி எது என்று மெஷின் சொல்ல வேண்டும். மூன்று நாள் கணக்கு, நடுவில் நிறுத்தாமல், ஒன்றன்பின் ஒன்றாக. எங்களுக்கு இது பால்பாயசம். அரை மணியில் தாளில் எழுதி முடித்துவிட்டோம்.

"ஒவ்வொருத்தராக் கூப்பிடுவேன். கூப்பிடுற வரைக்கும் தாளுல திருத்திக்கலாம். டைப் பண்ணி ஓட்டினதுக்கு அப்புறம் திருத்தக் கூடாது. ஒருத்தருக்கு ஒரு தடவைதான். யாரும் யாரோடயும் பேசக் கூடாது" என்றார் மேனேஜர்.

முதலில் அவளை மெஷின் அறைக்குள் கூப்பிட்டார். வாசல் பெஞ்சில் இருந்த எங்களுக்குத் திறந்த கதவு வழியே எல்லாம் தெரிந்தது. இரண்டு விரலால் நிதானமாக டைப் செய்தாள். முதல் நாள் எடைகளைச் சார் உள்ளே கொடுத்தார். விடை வந்தது. "சரி" என்றார் மேனேஜர். இரண்டாம் நாள். விடை வந்தது. மேனேஜர் கையில் இருந்த தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "தப்பு."

அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேனேஜர் தலையசைத்துவிட்டு, அந்தோணி அண்ணாச்சியைக் கூப்பிட்டார்.

அவள் வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். 'ஒரு ஆள் குறைந்தது' என்பதுதான் என் மனதில் முதலில் வந்த நினைப்பு. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். இரண்டாவது நினைப்பு பயம். அவள் எழுதியதும் நான் எழுதியதும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரே மேஜையில் பழகியவர்கள். என்ன தப்பு? தாளை மேலும் கீழும் பார்த்தேன். வரிகள் எல்லாம் சரியாக இருந்தன.

உள்ளே அண்ணாச்சிக்கும் முதல் நாள் சரி, இரண்டாம் நாள் தப்பு.

அப்போது என் பக்கத்தில் சத்தம் கேட்டது. டொக். டொக்.

அவள் விரலை மடக்கிப் பெஞ்சுப் பலகையில் தட்டினாள். முகம் சுவரைப் பார்த்து இருந்தது. கொஞ்சம் விட்டு மறுபடியும், டொக், டொக். அது பெட்டியைத் தட்டும் சத்தம். மேஜையில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு அவள் பெட்டிகளைத் தட்டிக் காலி செய்துவிடுவாள். நிஜ மெஷினிலும் புதிதாக ஓட்டும்போதெல்லாம் அதுவே எல்லாவற்றையும் காலி செய்துகொள்ளும். அதனால் காலி செய் என்று ஒரு வரி எழுத வேண்டும் என்பதே எங்கள் மூன்று பேருக்கும் பழகவில்லை. இங்கே நிறுத்தாமல் மூன்று நாளும் ஓடுகிறது. முதல் நாள் மொத்தம் பெட்டிக்குள்ளேயே கிடக்க, இரண்டாம் நாள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

ஒவ்வொரு நாளின் தொடக்கத்திலும் மொத்தம் பூஜ்யம், பெரிய பொதி பூஜ்யம் என்று இரண்டு வரி சேர்த்தேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மூன்று நாளும் சரி. வேலை எனக்கு.

சொன்னதை மட்டுமே செய்கிறவள் என்று பெயரெடுத்தவள், யாரும் சொல்லாமல் செய்த ஒரே காரியம், ஆட்டம் முடிந்ததும் பெட்டியைத் தட்டிக் காலி செய்தது. அதுவே அவளைக் கவிழ்த்துவிட்டது. கீழே அவள் அப்பா எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, "சரி தாயி, பெறவென்ன, கெளம்புவோமா?" என்றார். என்னைப் பார்த்து, "ஒனக்குக் கெடச்சதுல சந்தோசம்மா" என்றும் சொன்னார்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். விளாத்திகுளம் வழியாக நாகலாபுரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தத் துணிப்பை. இரவெல்லாம் என்னை அரித்த கேள்வியைக் கேட்டுவிட்டேன். "நேத்து நீ பழக்கத்துல தட்டுனியா, இல்ல..."

"பேசக் கூடாதுன்னுதான சொன்னாவ. தட்டக் கூடாதுன்னு சொல்லலையே."

அப்போதும் அதே முகம். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு என்றும் பாராமல் அழுதேன். அவள் என் விரல்மேல் தன் கையை வைத்திருந்தாள். பஸ் கிளம்பும்போது ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நான் ஒன்னயக் கண்டிப்பா அங்கன கூப்பிட்டுக்கிடுவேன். நான் கூப்பிடுத வரைக்கும் எதையும் மறந்துராதட்டீ, கணக்கப் போட்டுக்கிட்டே இரு" என்றேன்.

"சரி" என்றாள்.

இரண்டு வருடம் கழித்து மில்லில் இன்னொரு ஆள் வேண்டும் என்றார்கள். "தெரிஞ்சவங்க யாராவது உண்டாம்மா?" என்று மேனேஜர் என்னைத்தான் கேட்டார். அவள் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. கல்யாணமாகிப் போனவள், விடமாட்டார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அது சாக்கு. அவள் வந்தால் மூன்றே மாதத்தில் அங்கே நான் இரண்டாவது ஆள் ஆகிவிடுவேன். அந்தோணி அண்ணாச்சி பெயரைச் சொன்னேன். அவரும் வந்து சேர்ந்தார்.

அதற்கும் இரண்டு வருடம் கழித்து, கூட வேலை பார்த்தவர் வீட்டு விசேஷத்துக்காக நாகலாபுரம் போனேன். அவளைப் பார்க்காமலே திரும்பிவிடலாம் என்று மூன்று முறை நினைத்து, கடைசியில் விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டேன். முற்றம் நிறைய மிளகாய் வற்றல் காய்ந்தது. உள்ளே தொட்டிலில் ஒரு பெண்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"வாட்டீ" என்றாள், நேற்றுப் பார்த்தவளைக் கூப்பிடுவது போல. "அத்தான் காட்டுக்குப் போயிருக்காவ. கண்டா சந்தோசப்படுவாவ, இருந்து போ."

அலமாரித் தட்டில் எட்டுத் தீப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் நுனி மடங்கிப்போன நோட்டு. நான் அதையே பார்ப்பதைப் பார்த்து, "எட்டு ராணி" என்றாள். "ஆறாவதுல அடைச்சுக்கிடும்லா? அடைச்சா ஒரு பெட்டி பின்னால போயி, அங்க வேற எடம் பாத்துட்டு வரணும். அங்கயும் இல்லேன்னா இன்னும் ஒண்ணு பின்னால. எழுதிட்டேன்னுதான் நெனைக்கேன். ஆனா நானே படிச்சு, நானே செய்யுதேன். அப்படிச் செஞ்சா தப்பு தெரிய மாட்டேங்குதுட்டீ. வரி படிக்க ஆள் இல்ல."

"இன்னுமாட்டீ போட்டுக்கிட்டு இருக்க?"

"நீ கூப்பிடுத வரைக்கும்னுல்லா சொன்ன."

நாற்காலியின் முதுகில் கை வைத்துக்கொண்டு அவள் நின்றது நினைவுக்கு வந்தது. அன்றைக்காவது இரண்டு மணி நேரம். இங்கே நாலு வருடமாக நிறுத்தி வைத்திருக்கிறேன். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. மில்லில் இடம் வந்தது, நான் அவளைச் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"தெரியும். அந்தோணி அண்ணாச்சி கார்டு போட்டிருந்தாவ, வேலைல சேந்துட்டேன்னு." தொட்டிலை ஒருமுறை ஆட்டிவிட்டாள்.

"அப்ப நான் கூப்பிட்டிருந்தா வந்திருப்பியா? விட்டிருப்பாவளா?"

"கூப்பிட்டிருந்தாத்தான தெரியும்" என்றாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. குத்தல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இப்பக் கூப்பிடுதேன்ட்டீ. வா." அழுகையோடு அழுகையாக வந்துவிட்டது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்க?"

மில்லில் இப்போது இடம் எதுவும் இல்லை. வழக்கம்போல் யோசிக்காமல் ஒரு வரியைச் சொல்லிவிட்டேன். அவள் காத்திருந்தாள், மெஷின் காத்திருக்குமே, அப்படி. பிறகு அவளே எழுந்துபோய் அந்த எட்டுப் பெட்டிகளையும் அள்ளிக்கொண்டு வந்தாள்.

"எங்கன்னு நீ சொல்லல. அப்ப இங்கனயே வச்சுக்கிடுவோம். உக்காரு."

தரையில் உட்கார்ந்தேன். நோட்டை என் மடியில் போட்டாள். பென்சிலையும் கொடுத்தாள். பெட்டிகளை ஒவ்வொன்றாக உருவித் தரையில் கவிழ்த்துத் தட்டினாள். டொக். டொக். எட்டும் முடிந்த பிறகு வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, நான் முதல் வரியைப் படிக்க வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் சிரித்து அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

"தட்டுனேன்லா, இந்தத் தடவ அதையும் எழுதிக்கோட்டீ. அதுதான் மொத வரி."